துளித் தண்ணீரைக் கலக்கக் காந்தத் துகள் தேவையா? இரண்டு சோதனைகள், இரண்டு பதில்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்லூரி ஆய்வகத்தில் இருப்பவர்களிடம் இரண்டு வேலைகள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். ஒன்று, போர்வெல் தண்ணீரில் புளோரைடு எவ்வளவு என்று பார்ப்பது. இன்னொன்று, பட்டுப்புழு முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியில் பெப்ரின் நோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டையுமே மில்லிலிட்டரை விட்டுவிட்டு மைக்ரோலிட்டரில் செய்யலாம் என்று மாணவர்கள் திட்ட அறிக்கை எழுதிக்கொண்டு வருகிறார்கள். வினைபொருள் மிச்சமாகும், அமிலக் கழிவு குறையும், ஒரே தட்டில் 96 மாதிரிகளை வரிசையாகப் பார்த்துவிடலாம். எல்லாம் சரி. ஆனால் அந்த அறிக்கையில் எங்காவது ஓரிடத்தில் “காந்த நானோ துகள்களைக் கொண்டு கலக்கப்படும்” என்று ஒரு வரி வந்துவிடுகிறது. பணம் ஒதுக்குவதற்கு முன் அந்த ஒரு வரியைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புளோரைடுக்குக் காந்தத் துகள் வேண்டவே வேண்டாம். பெப்ரினுக்கு, அதுவும் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் மூலக்கூறுச் சோதனை வரை போவதாக இருந்தால், தாராளமாக வாங்கலாம். துகள் எவ்வளவு வேகமாகக் கலக்கும் என்பதைப் பார்த்து நான் இந்த முடிவுக்கு வரவில்லை. கலக்குவதைத் தவிர அந்தத் துகளுக்கு வேறு ஏதாவது வேலை இருக்கிறதா என்று பார்த்தேன். வேறு வேலை இல்லையென்றால் அது வீண் செலவு. சில இடங்களில் வீண் செலவு மட்டுமில்லை, சோதனையையே கெடுத்துவிடும்.

சிறிய அளவில் ஏன் கலப்பதில்லை

ஒரு மைக்ரோலிட்டர் என்றால் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ள ஒரு கனசதுரம். பத்து மைக்ரோலிட்டரை உருண்டைத் துளியாக நினைத்துக்கொண்டால் குறுக்களவு சுமார் 2.7 மி.மீ. பீக்கரில் கண்ணாடிக் குச்சியை இரண்டு சுற்று சுற்றினால் பெரிய சுழல் உண்டாகி, அது சின்னச் சின்னச் சுழலாக உடைந்து, எல்லாம் ஒன்றாகிவிடும். அந்தச் சுழல் பிறப்பதற்கு வேகமும் வேண்டும், இடமும் வேண்டும். இதை அளப்பதற்கு ரெனால்ட்ஸ் எண் என்று ஒன்று இருக்கிறது. குழாயில் அது 2000 என்ற அளவைத் தாண்டிய பிறகுதான் ஓட்டம் கொந்தளிக்கத் தொடங்கும். 0.1 மி.மீ. அகலமுள்ள வாய்க்காலில் நொடிக்கு 1 மி.மீ. வேகத்தில் தண்ணீர் போனால் அந்த எண் வெறும் 0.1. இரண்டு நீரோட்டங்களைச் சேர்த்துவிட்டாலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும், ஒன்றாகாது.

மிச்சமிருப்பது விரவல் ஒன்றுதான். மூலக்கூறுகள் தாமாக அலைந்து பரவுவது. தூரம் இரண்டு மடங்கானால் இதற்கு நேரம் நான்கு மடங்காகும், தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. தண்ணீரில் புளோரைடு அயனி 0.1 மி.மீ. பரவ மூன்று நொடி சொச்சம் போதும். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஐந்தரை நிமிடம். ஆன்டிபாடி மாதிரி பெரிய புரத மூலக்கூறாக இருந்தால் அதே ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் மூன்றரை மணி நேரம். ஐந்தரை நிமிடம், மூன்றரை மணி நேரம்: பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் இந்த இரண்டு எண்களில்தான் தொங்குகின்றன.

புளோரைடு: போர்வெல் தண்ணீரும் சிவப்புச் சாயமும்

இந்த இரண்டு மாவட்டங்களின் கடினப்பாறை நிலத்தடி நீரில் புளோரைடு இருப்பது யாருக்கும் புதிய செய்தி இல்லை. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பல்லில் காவிக் கறை படிந்த பிள்ளைகளைப் பார்க்காத ஆசிரியர் இருக்க மாட்டார். இதற்காகவே காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு போடப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. இருந்தாலும் தோட்டத்து வீடுகளில் போர்வெல் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 1.0 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை விடலாம். அதாவது, நம் சோதனை 1.0 எது, 1.5 எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது சோதனையே இல்லை.

கல்லூரிகளில் வழக்கமாகச் செய்வது ஸ்பாட்ன்ஸ் முறை. சிர்கோனியமும் ஸ்பாட்ன்ஸ் சாயமும் சேர்ந்த சிவப்புக் கூட்டில் புளோரைடு வந்து சிர்கோனியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், சிவப்பு வெளுக்கும். 570 நானோமீட்டர் ஒளியில் அந்த வெளுப்பை அளந்தால் புளோரைடு அளவு தெரிந்துவிடும். 50 மி.லி. தண்ணீருக்கு 10 மி.லி. வினைபொருள். வினைபொருளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நிறைய இருக்கும். இந்த அமிலத்தை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும்.

இதை அப்படியே ஆயிரத்தில் ஒன்றாகச் சுருக்கி, 50 மைக்ரோலிட்டர் தண்ணீர், 10 மைக்ரோலிட்டர் வினைபொருள் என்று 96 குழித் தட்டில் செய்யலாம் என்பதுதான் மாணவர்களின் யோசனை. இங்கே கலப்பதற்கு முன்னாலேயே ஒரு சிக்கல். குழியின் அடிப்பரப்பு சுமார் 32 சதுர மி.மீ. 60 மைக்ரோலிட்டர் ஊற்றினால் ஆழம் 1.9 மி.மீ. தான் வரும். நிறத்தை அளக்கத் திரவம் ஊற்றும் சாதாரண குவெட் பெட்டியில் ஒளி 10 மி.மீ. கடந்து போகும், இங்கே அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நிற வேறுபாடும் அதே அளவுக்குச் சுருங்கிவிடும். 1.0, 1.5 இரண்டையும் பிரிக்க வேண்டிய இடத்தில் இது கையைக் கடிக்கும். போர்வெல் தண்ணீர் என்ன, நெல்மணி அளவில்தான் கிடைக்கிற இரத்தமா? மோட்டாரைப் போட்டால் குடம் குடமாக வரும். அதனால் 200 மைக்ரோலிட்டர் தண்ணீர், 40 மைக்ரோலிட்டர் வினைபொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் 7.5 மி.மீ. ஆகிவிடும், குவெட்டில் முக்கால் பங்கு. வினைபொருள் செலவு அப்போதும் பழைய முறையில் 250இல் ஒரு பங்குதான்.

சரி, இதை எப்படிக் கலப்பது? சும்மா விட்டுவிட முடியாது. 60 மைக்ரோலிட்டராக இருந்தால் புளோரைடு மேலிருந்து கீழ்வரை பரவ இருபது நிமிடம், 240 மைக்ரோலிட்டராக இருந்தால் ஐந்து மணி நேரம். சாய மூலக்கூறு அதைவிடப் பெரியது, இன்னும் மெதுவாகத்தான் நகரும். நடைமுறையில் இவ்வளவு மோசமாகப் போவதில்லை என்பதற்குக் காரணம் எடை. அமில வினைபொருள் தண்ணீரைவிட அடர்த்தியானது. அதைக் கடைசியில் மேலிருந்து விட்டால் கீழே இறங்கிக்கொண்டே வழியில் பாதி கலந்துவிடும். முதலில் வினைபொருளைப் போட்டுவிட்டு அதன்மேல் தண்ணீரை மெதுவாக விட்டால் இரண்டு அடுக்காக அப்படியே நிற்கும். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் அடியில் அடர்சிவப்பு, மேலே வெளிறிய நிறம் என்று கோடு போட்டது போலத் தெரியும். தட்டு வாசிக்கும் கருவி மேலிருந்து பார்ப்பதால் அதற்கு இந்தக் கோடு தெரியாது, ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். ஊற்றும் வரிசையை மாற்றுவதற்குக் காசு செலவில்லை. முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

அடுத்தது பிப்பெட், அதாவது திரவத்தை அளந்து உறிஞ்சி விடும் கருவி. மொத்த அளவில் பாதிக்கு மேல் உறிஞ்சி, மறுபடி விட்டு, எட்டுப் பத்து முறை செய்தால் கலந்துவிடும். மைக்ரோபிப்பெட் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. குறை என்றால் குமிழிதான். பிப்பெட் பொத்தானை இரண்டாவது தடுப்புவரை அழுத்தினால் காற்று உள்ளே போய்க் குமிழி நிற்கும், 570இல் அளக்கும்போது ஒளி சிதறும். முதல் தடுப்போடு நிறுத்திப் பழக வேண்டும். 96 குழிக்கும் ஒற்றை பிப்பெட்டில் செய்தால் கட்டை விரல் போய்விடும். எட்டு முனை பிப்பெட் இருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ஒவ்வொரு மாதிரிக்கும் புது டிப் போட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரு டிப்பை வைத்தே வரிசை முழுக்கக் கலக்கினால் பக்கத்துக் குழியின் தண்ணீரை இங்கே கொண்டுவந்து விடுவீர்கள்.

மூன்றாவது, தட்டு ஆட்டும் ஷேக்கர். டியூபை அதிரவைத்துக் கலக்கும் வோர்டெக்ஸை இங்கே நினைக்காதீர்கள், அது மூடியுள்ள டியூபுக்குத்தான் சரி. ஷேக்கரில் ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. சின்னக் குழியில் தண்ணீரைப் பரப்பு இழுவிசை இறுக்கிப் பிடித்திருக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டும்வரை தட்டு ஆடும், தண்ணீர் ஆடாது. மெதுவாக நீண்ட நேரம் ஆட்டினால் போதும் என்று நினைத்து அரை மணி நேரம் ஓடவிட்டாலும் பலன் இருக்காது. சுற்று வட்டம் சிறியதாகவும் வேகம் அதிகமாகவும் உள்ள, குழித் தட்டுக்கென்றே செய்த ஷேக்கராக இருக்க வேண்டும். குடுவையை ஆட்டும் பெரிய ஷேக்கரில் தட்டை வைத்தால் ஒன்றும் நடக்காது. 240 மைக்ரோலிட்டருக்குக் குழியில் பெரும்பகுதி நிரம்பிவிடுவதால் வேகத்தை ஏற்றும்போது வழிகிறதா என்றும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது காந்தத் துகள். மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடின் நானோ துகளைக் கல்லூரியிலேயே செய்துவிடலாம். இரண்டு வகை இரும்பு உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் கரைத்து அம்மோனியா விட்டால் கண் எதிரே கரிய வீழ்படிவு இறங்கும், காந்தத்தைக் காட்டினால் ஓடிவரும். மாணவர்களுக்குப் பெரிய உற்சாகம். ‘நாமே செய்த துகளை வைத்து நாமே கலக்கலாமே சார்’ என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை இந்தச் சிவப்புக் கலவையில் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

முதலில், இரும்பு ஆக்சைடின் மேற்பரப்பு புளோரைடைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரிலிருந்து புளோரைடை அகற்ற இரும்பு ஆக்சைடுகளையே உறிஞ்சுபொருளாக வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள். எதை அளக்க வந்தோமோ அதையே கலக்கும் கருவி விழுங்கிவிடுகிறது. அடுத்து அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்: மேக்னடைட்டை மெல்ல மெல்லக் கரைக்கும். கரைந்து வரும் மூன்று மின்னூட்ட இரும்பு அயனி புளோரைடோடு இறுக்கமாகக் கட்டிக்கொள்ளும். இரும்பு இந்த முறைக்குக் குறுக்கே வரும் பொருள் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மூன்றாவதாக, கரிய துகள் எல்லா நிறத்தையும் தடுக்கும். படிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குழியிலும் துகளை ஓரமாக இழுத்து வைக்க வேண்டும். சிலிக்கா பூச்சுப் போட்ட துகள் வாங்கினால் அமிலத்தின் வேலையைத் தள்ளிப் போடலாம், நிறத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஒரு ஷேக்கர் செய்து முடிக்கிற வேலைக்கு இவ்வளவு சுற்று எதற்கு?

ஆக, புளோரைடுக்கு: வினைபொருள் கடைசியில், எட்டு முனை பிப்பெட்டால் கலவை, வாசிக்கும் முன் குமிழி பார்ப்பது. மாதிரிகள் வாரம் நூறைத் தாண்டினால் ஷேக்கர். இன்னும் நம்பகமாக வேண்டும் என்றால் லாந்தனம் புளோரைடு படிகம் வைத்த புளோரைடு மின்முனை இருக்கிறது, அதில் பீக்கரும் சாதாரணக் காந்தக் கலக்கியும் போதும். மைக்ரோலிட்டர் என்ற பேச்சே எழாது.

நெளிவு வாய்க்கால்களைப் பற்றியும் ஒரு வார்த்தை

காந்தத் துகள் வேண்டாம் என்றால் நுண்வாய்க்கால்கள் செதுக்கிய சிப் செய்யலாமே என்று அடுத்த கேள்வி வரும். வாய்க்காலின் வடிவத்தாலேயே கலக்க வைப்பது. கொந்தளிப்பு இல்லாமலே கலக்க முடியும் என்பதை ஹசன் ஆரெஃப் 1984இல் கணக்குப் போட்டுக் காட்டினார். 2002இல் ஹார்வர்டில் ஆபிரகாம் ஸ்ட்ரூக்கும் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவினரும் வாய்க்காலின் தரையில் மீன்முள் மாதிரி சாய்ந்த வரிவரியான பள்ளங்களைப் போட்டுச் செய்து பார்த்தார்கள். மேலே ஓடும் தண்ணீர் ஒவ்வொரு வரியிலும் பக்கவாட்டில் இழுபட்டு, புரண்டு, மடிந்து போகும். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி இழுத்து மடித்து, மறுபடி வீசி மடிப்பது போலத்தான். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்கு மெலிகிறது, 0.1 மி.மீ.க்கு வந்துவிட்டால் மிச்சத்தை விரவல் மூன்று நொடியில் முடித்துவிடும். இதைவிட அழகான தீர்வு இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் இந்த அழகு நம் வேலைக்கு ஒத்துவருமா? தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும் திரவத்துக்குத்தான் இது பொருந்தும். நமக்கு இருப்பது தனித்தனி மாதிரிகள். சிப்புக்குத் திரவம் கொண்டுபோகும் குழாயின் உள்விட்டம் 0.5 மி.மீ. என்றால், 25 செ.மீ. நீளத்துக்குள்ளேயே 49 மைக்ரோலிட்டர் அடைபட்டுவிடும். ஐம்பது மைக்ரோலிட்டர் மாதிரி சிப்பை எட்டுவதற்கு முன்னாலேயே குழாயிலேயே தீர்ந்துபோகும். ஒவ்வொரு மாதிரிக்கும் நடுவில் கழுவ வேண்டும். சிரிஞ்ச் பம்பு வேண்டும். கூடவே நம் போர்வெல் தண்ணீரில் வரும் நுண்மணலும் உப்பும். வாய்க்கால் ஒருமுறை அடைத்துக்கொண்டால் அந்த சிப் அவ்வளவுதான். எம்.எஸ்சி. மாணவர் ஒருவர் ஆய்வேட்டுக்காகச் செய்யலாம், அதில் கற்றுக்கொள்வதற்கு நிறைய இருக்கிறது. வாராவாரம் கிராமங்களிலிருந்து வரும் பாட்டில்களை அதில் ஓட்டுவேன் என்று மட்டும் யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஒலியால் கலக்குவது, மின்புலத்தால் துளியை நகர்த்திக் கலக்குவது என்றும் இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் வேகமானவை. இரண்டுக்கும் மின்னணுச் சாதனம் தனியாக வேண்டும், ஒலி முறையில் துளி சூடேறும். இரண்டு மாவட்டத்துக் கல்லூரி பட்ஜெட்டில் இப்போதைக்கு இவற்றைத் தாண்டிப் போகிறேன்.

பெப்ரின்: துகள் தன் கூலியைச் சம்பாதிக்கும் இடம்

தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி, ஓசூரில் மத்திய பட்டு வாரியத்தின் மரபு வள மையம், ஊருக்கு ஊர் மல்பெரித் தோட்டம். இந்தப் பக்கம் பட்டு வளர்ப்பு எவ்வளவு பேருக்குச் சோறு போடுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. பெப்ரின் நோய் நோசிமா பாம்பிசிஸ் என்ற நுண்ணுயிரால் வருவது. தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். அதனால்தான் சாக்கிப் புழுவாக, அதாவது இளம் புழுவாக, வாங்கும்போதே நோய் உள்ளே இருக்கும், விவசாயி என்ன கவனமாக வளர்த்தாலும் பிரயோசனமில்லை. 1860களில் பிரான்ஸில் லூயி பாஸ்டர் சொன்ன வழிதான் இன்றைக்கும் அடிப்படை. முட்டையிட்ட பூச்சியை நசுக்கி, நுண்ணோக்கியில் பார்த்து, கிருமியின் ஸ்போர், அதாவது கெட்டி ஓட்டுக்குள் இருக்கும் அதன் விதை வடிவம், தெரிந்தால் அந்த முட்டைகளை அழித்துவிடுவது. ஸ்போர் மூன்று நான்கு மைக்ரோமீட்டர் நீளத்தில் முட்டை வடிவத்தில் பளபளவென்று தெரியும்.

நுண்ணோக்கிச் சோதனைக்குக் கலக்குவது பெரிய விஷயமே இல்லை. பல பூச்சிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது ஸ்போர் குறைவாக இருந்தால் கண்ணில் படாமல் போகலாம். அந்த இடத்தில்தான் டிஎன்ஏவைப் பிரித்து, அதைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் செய்யும் பேச்சு வருகிறது. இங்கேயும் முதல் படியில் காந்தத்துக்கு வேலை இல்லை. ஸ்போரின் ஓடு கெட்டியானது. அதை உடைக்கக் கண்ணாடி மணிகளைப் போட்டு வோர்டெக்ஸில் வைத்து உலுக்குவதுதான் வழி. நயமாகக் கலக்கினால் ஓடு அப்படியே இருக்கும், டிஎன்ஏ வெளியே வராது.

உடைத்த பிறகு காட்சி மாறுகிறது. சிலிக்கா பூச்சுள்ள காந்த மணிகளை, அதாவது ‘பீட்ஸ்’ என்று எல்லாரும் சொல்வதை, உப்பும் ஆல்கஹாலும் சேர்ந்த கரைசலோடு விடுகிறோம். டிஎன்ஏ மணியில் ஒட்டிக்கொள்ளும். டியூபைக் காந்தத்தின் பக்கத்தில் வைத்தால் மணிகள் சுவரோரம் சேரும். அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஆல்கஹாலில் கழுவி, கடைசியில் சில பத்து மைக்ரோலிட்டர் நீரில் டிஎன்ஏவை விடுவித்துக்கொள்ளலாம். வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜ் தேவையில்லை. மணி இங்கே கலக்கியும், வலையும், வடிகட்டியும் எல்லாமும்தான்.

மேலே சொன்ன மூன்றரை மணி நேரக் கணக்கு இந்த இடத்தில்தான் கவிழ்கிறது. பெரிய மூலக்கூறு சுவர்வரை நடந்து போக வேண்டுமானால்தான் அவ்வளவு நேரம். ஒரு மைக்ரோமீட்டர் மணிகள் மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவில் பரவியிருந்தால் ஒரு மைக்ரோலிட்டருக்குள் சுமார் ஐந்து லட்சம் மணிகள் இருக்கும். அடுத்தடுத்த மணிகளுக்கு இடைவெளி பதின்மூன்று மைக்ரோமீட்டருக்குள்தான். அந்தத் தூரத்தை ஆன்டிபாடி அளவுள்ள மூலக்கூறு இரண்டு நொடியில் கடந்துவிடும். ஒட்டிக்கொள்ளும் வினைக்குத் தனியாகச் சில நிமிடங்கள் ஆகும், அது வேறு கணக்கு. திரவத்தைக் கலக்கி மூலக்கூறை இங்கே அழைத்துவர வேண்டியதில்லை. பிடிக்கும் பரப்பு மூலக்கூறின் வாசலுக்கே போய் நிற்கிறது. காந்தத் துகளால் கிடைக்கும் நிஜமான லாபம் இதுதான். சுழற்றிக் கலக்குவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ‘நானோ’ என்ற சொல்லைப் பார்த்ததும் சின்னதாக இருந்தால் நல்லது என்று தோன்றும். மேக்னடைட் இருபது நானோமீட்டர் அளவுக்குக் கீழே போனால் நிரந்தரக் காந்தத்தன்மை போய்விடும், வெளிக்காந்தம் இருக்கும்வரை மட்டும் காந்தமாக நடந்துகொள்ளும். காந்தத்தை எடுத்தவுடன் துகள்கள் ஒன்றையொன்று இழுக்காமல் மறுபடி பரவிவிடுவது இதனால்தான், அது நமக்கு வேண்டிய குணம். ஆனால் இழுவிசை துகளின் கன அளவைப் பொறுத்தது, தண்ணீரின் தடை குறுக்களவைப் பொறுத்தது. இரண்டையும் சேர்த்தால், 10 நானோமீட்டர் துகளைவிட ஒரு மைக்ரோமீட்டர் மணி காந்தத்தை நோக்கிப் பத்தாயிரம் மடங்கு வேகமாகப் போகும். தனித்தனி நானோ துகளை சாதாரண நியோடிமியம் காந்தத்தால் சுத்தமாக இழுத்து ஓரங்கட்டவே முடியாது, மூலக்கூறுகளின் மோதலே அதை அலைக்கழித்துவிடும். கடையில் விற்கும் மணிகள் இந்த இரண்டையும் சமாளித்துச் செய்தவை. நானோ துகள்களைப் பாலிமர் அல்லது சிலிக்கா உருண்டைக்குள் பொதித்து, மொத்தமாக ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரோமீட்டர் அளவில் விடுகிறார்கள். ஆய்வகத்தில் நாமே அம்மோனியாவில் செய்யும் துகள் கட்டி கட்டியாக, அளவு மாறி மாறி வரும். பாடம் நடத்துவதற்கு நல்லது. நோய்ச் சோதனைக்கு வேண்டாம்.

சுழலும் காந்தப்புலத்தில் வைத்தால் மணிகள் சங்கிலியாகக் கோர்த்துக்கொண்டு சுழலும், ஒவ்வொரு சங்கிலியும் ஒரு குட்டிக் கலக்கி. பழைய கம்ப்யூட்டர் விசிறியில் இரண்டு காந்தங்களை எதிர்த்துருவமாக ஒட்டி, அதன்மேல் டியூபை வைத்துப் பார்க்கலாம். வேகத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தண்ணீரின் தடை ஜெயித்துவிடும், சங்கிலி உடைந்து துண்டாகும், கலக்குவதும் குறையும். விசிறியின் முழு வேகத்தில் வைப்பதுதான் சிறப்பு என்று நினைக்க வேண்டாம்.

இதைவிட எளிய வழி, காந்தத்தை டியூபின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி வைப்பது. மணிக் கூட்டம் திரவத்தைக் குறுக்கே கடந்து போய்ச் சேரும், மறுபடி திரும்பி வரும். 1 மி.லி. டியூபாக இருந்தால் தலைகீழாகச் சுற்றும் ரொட்டேட்டரே போதும், காந்தத்தை அசைக்க வேண்டியதில்லை. 50 மைக்ரோலிட்டருக்கு ரொட்டேட்டர் உதவாது. டியூபைத் தலைகீழாக்கினாலும் பரப்பு இழுவிசையால் திரவம் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பிப்பெட்டால் அடிக்கடி உறிஞ்சி விட்டால் நீண்ட டிஎன்ஏ இழைகள் அறுந்துபோகும், மணிகள் டிப்பில் ஒட்டிக்கொண்டு குறையும். காந்தத்தை நகர்த்திக் கலக்கும் முறைக்குப் போட்டியே இல்லாத ஒரே அளவு இந்த ஐம்பது மைக்ரோலிட்டர்தான்.

காந்தத்துக்கும் திரவத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ரொம்ப முக்கியம். தூரம் கூடக் கூட இழுவிசை சடசடவென்று விழும். டியூபின் சுவர், ஸ்டாண்டின் பிளாஸ்டிக் என்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் நடுவில் வந்தாலே மணிகள் சேர நெடுநேரம் பிடிக்கும். பழுப்புக் கறை மாதிரி ஒரு பக்கம் எல்லாம் ஒட்டி, திரவம் தெளியும்வரை காத்திருந்து, டிப்பை எதிர்ப் பக்கச் சுவரோரம் விட்டு உறிஞ்ச வேண்டும். அவசரப்பட்டால் மணியும் சேர்ந்து வரும். கழுவிய பிறகு மணிகளை உலர்த்தும் இடத்திலும் கவனம் வேண்டும். ஈரப் பளபளப்புப் போனவுடன் நீரைச் சேர்த்துவிட வேண்டும். கோடை வெயிலில் மின்விசிறிக்கு நேரே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் கறை வெடித்துக் கோடுகோடாகப் பிளந்து நிற்கும், அதற்கப்புறம் டிஎன்ஏ சரியாக விடுபடாது. ஆல்கஹால் மிஞ்சினாலும் பிசிஆர் கெடும். மணி தப்பிப் போய்க் கலந்தாலும் கெடும்.

பார்த்துவிட்டு நம்புங்கள்

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் கலந்ததா என்று சோதிக்காமல், சும்மா ஒரு பார்வையில் முடிவு செய்யக்கூடாது. உணவுச் சாயத்தை ஒரு துளி விட்டு ஃபோனில் படம் எடுப்பது முதல் சோதனை, அது வேகத்தை மட்டும் சொல்லும். இரண்டாவது, பினால்ஃப்தலீன் சேர்த்த இளஞ்சிவப்புக் காரத்தில் சரியான அளவு அமிலம் விட்டு நிறம் முழுவதும் போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. மூலையில் ஒரு இழை கலக்காமல் நின்றாலும் இளஞ்சிவப்பு காட்டிக்கொடுக்கும். சாயத்தில் அது தெரியாது. புளோரைடுக்கு மூன்றாவதாக, ஒரே அளவுள்ள புளோரைடு கரைசலைப் பல குழிகளில் போட்டு எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். தட்டின் ஓரக் குழிகள் மட்டும் விலகி நின்றால் அது கலவைக் கோளாறில்லை, ஆவியாதல். ஏப்ரல், மே மாதத்தில் மூடாமல் வைத்த தட்டில் ஓரக் குழி முதலில் வற்றும்.

வாங்கும் பட்டியல்

ஆய்வகம் புளோரைடு மட்டும் பார்க்கிறது என்றால் முதல் செலவு எட்டு முனை பிப்பெட். அடுத்தது, மாதிரிகள் கூடினால், குழித் தட்டு ஷேக்கர். காந்தத் துகளுக்கு ஒதுக்கிய தொகையை லாந்தனம் மின்முனைக்கு மாற்றிவிடலாம்.

பெப்ரினையும் மூலக்கூறுச் சோதனையில் பார்க்க நினைக்கும் ஆய்வகம், வோர்டெக்ஸ் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். பிறகு சிலிக்கா பூச்சு மணியில் இருப்பதிலேயே சின்னப் பாட்டில் ஒன்று, டியூப் காந்த ஸ்டாண்டு ஒன்று. முதல் தடவையே 96 குழிக்கான காந்தத் தட்டு வாங்க வேண்டாம். பெங்களூரிலிருந்து பாட்டில் வரும்போது குளிர்ப்பெட்டியில் வரச் சொல்லுங்கள். வந்ததும் 2 முதல் 8 டிகிரி குளிரில் வையுங்கள், உறைய மட்டும் விடாதீர்கள், உறைந்தால் மணிகள் கட்டிக்கொண்டு மறுபடி பிரியாது. பயன்படுத்தும் முன் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். அடியில் தங்கிய மணிகளை விட்டுவிட்டு மேல் தெளிவை மட்டும் எடுத்தால் முதல் பத்துச் சோதனைகளில் ஒன்றும் வராது, கடைசிச் சோதனையில் மணிகள் குவிந்து வரும்.

ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளிச் செடிகளின் இலைச்சுருட்டு வைரஸையும், மா இலையையும் பார்க்க நினைப்பவர்களுக்கும் இதே மணிகள்தான். ஆனால் மா இலையில் கொழகொழவென்ற சர்க்கரைப் பொருளும் பினால் பொருள்களும் நிறைய இருப்பதால் மணிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும், காந்தத்துக்கு அசைந்து கொடுக்காது. இலைச்சாறை முதலில் சென்ட்ரிபியூஜில் சுற்றித் தெளிய வைத்துவிட்டு, அந்தத் தெளிவில் மணிகளைப் போடுங்கள்.